நாலு இடம் பார்த்துவிட்டு

தவசிக்கனி ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்குகிறவர். வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார், விளிம்பில் விரலை ஓட்டுவார், காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். நாலாவது கடையையும் முடித்துவிட்டுப் பெரும்பாலும் முதல் கடைக்கே திரும்பி வருவார். "இதத்தான் அப்பவே எடுத்திருக்கலாமே" என்று அவர் மனைவி பொன்னுத்தாய் அலுத்துக்கொண்டால், "பாக்காம எடுத்திருந்தா இது நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்பார்.

மகளுக்கு விடுதி பார்க்கக் கோயம்புத்தூருக்கு வந்தபோதும் அதே மனசோடுதான் வந்தார். மில்லில் அன்று ஒரு நாள்தான் லீவு கிடைத்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்குத் தங்கும் இடத்தின் விலாசம் கொடுத்தாக வேண்டும்.

மகளுக்குச் செண்பகவல்லி என்று அம்மன் பெயர். வீட்டில் செம்பா. பதினேழு வயது. மேகங்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்படியொரு படிப்பு இருப்பதே அவள் சொல்லித்தான் வீட்டில் தெரியும். கோவில்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அந்தா பாருப்பா, அது பேரு கீற்று மேகம். அதுல மழை கிடையாது. சும்மா அழகுக்கு" என்று பேசிக்கொண்டே வந்தாள். கடலைமிட்டாய்ப் பொட்டலம் திருப்பூர் வருவதற்குள் பாதியாகிவிட்டது. பின்சீட்டுக்காரர் ஒருவர், "பாப்பா, எங்க ஊருக்கு எப்பம்மா மழை?" என்று கேட்டார். "நான் படிச்சு முடிக்கட்டும் மாமா, அனுப்பி வைக்கேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

காந்திபுரத்தில் ஒரு மின்சார ஆட்டோவோடு ருக்மணி காத்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிற உடம்பு, நெற்றியில் பெரிய பொட்டு. மாணவர்களுக்கு விடுதி பார்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

"ஏனுங்ணா, கோயில்பட்டிங்களா? ஏறுங்க. அம்மணி, நீ முன்னால வந்து உக்காரு, காத்து வரும்."

தவசிக்கனி பெரிய பையை வலது தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு நாலு ரூம் காட்டுங்கம்மா. கட்டில், ஜன்னல், தண்ணி வசதி, எல்லாத்தையும் தட்டிப் பாத்துத்தான் எடுப்பேன்."

ருக்மணி சிரித்தாள். "இப்பெல்லாம் ஆருங்ணா கட்டிலத் தட்டிப் பாக்கறா? ஒத்திகைதான். அம்மணி ஒரு நாற்காலில இருபது நிமிசம் சாஞ்சாப் போதும். அந்த ரூம்ல மூணு வருசம் இருந்து பாத்த மாதிரி ஆயிரும். மழைக்கு ஒழுகுமா, சாம்பார் ஊசிப்போகுமா, பக்கத்து ரூம் புள்ள எப்படி, அல்லாம் தெரிஞ்சுரும்."

"மூணு வருசம் இருபது நிமிசத்துலயா?"

"கனாவுல ஒரு கல்யாணமே நடந்து முடிஞ்சிருதில்லீங்களா? அதாட்டத்தான்."

"முழிச்சதுக்கு அப்புறம்?"

"ஒரு டீ குடிக்கறதுக்குள்ள கலைஞ்சுரும். பிடிச்சுதா பிடிக்கலியாங்கறது மட்டும் மனசுல நிக்கும்."

வாளியைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான் இதுவும் என்று தவசிக்கனிக்குப் பட்டது. பார்க்கப் போனால் அதைவிட நல்லது. உள்ளேயே போய் இருந்து பார்த்துவிடலாம்.

முதல் விடுதி பல்கலைக்கழகத்துக்கு அடுத்த தெருவிலேயே இருந்தது. புதுக் கட்டடம், பெயிண்ட் வாசனை. ஒத்திகை அறையில் பல் டாக்டரிடம் இருப்பதுபோல ஒரு சாய்வு நாற்காலி. ஒரு பலகைத் திரையில் பக்கம் பக்கமாகக் கேள்விகள் வந்தன. வேட்டிக் கரையில் ஒரு நூல் பிசிறு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற தவசிக்கனி, அதில் ஒரு வரியும் படிக்கவில்லை. ருக்மணி காட்டிய இடத்திலெல்லாம் விரலை வைத்தார். 'இன்று வேறு ஒத்திகை செய்யவில்லை' என்பதற்கு ஒரு விரல். நடுவில் திரை அவர் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கண்டுகொண்டு ஏதோ கேட்டது.

"இது மில்லுல கட்டினது. கழட்டக் கூடாதும்பாங்க. நாடித்துடிப்பு, தூக்கம், எல்லாம் எழுதிக்கிடும்."

"அதத்தான் கேக்குதுங்ணா. குடும்பத்து ஆளுகளப் பத்தியும் தெரிஞ்சாத்தான அம்மணியோட மூணு வருசத்த சரியாப் போட முடியும். சம்மதம்னு அமுக்குங்க. அல்லாருத்துக்கும் கேக்கறதுதான்."

அமுக்கினார்.

செம்பா ஓடிப்போய் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்பா, நான் பட்டம் வாங்கிட்டு வாரேன். நீ டீ குடிச்சிட்டிரு" என்றாள். கதவு சாத்தப்பட்டது.

அவர் தெருமுனையில் டீ குடித்தார். இடது தோள் வலித்தது. விடியற்காலையிலிருந்து பை சுமந்த வலி என்று அமுக்கிவிட்டுக்கொண்டார்.

வெளியே வந்த செம்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாய் மூடி அவளை அவர் பார்த்தது அவள் தூங்கும்போது மட்டும்தான்.

"என்ன தாயி, ரூம் நல்லாயில்லையா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"சாப்பாடு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்ப இதையே எடுத்துருவோமா? பக்கமாவும் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம். நாலு இடம் பாக்காம எதையும் எடுக்கக்கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

தவசிக்கனிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. "பாத்தீங்களாம்மா! எம்மகன்னா எம்மகதான்" என்றார் ருக்மணியிடம்.

"சட்டப்படி ஒரு நாளைக்கு ஒண்ணுதானுங்ணா" என்று ருக்மணி இழுத்தாள். "ஆனா வெளியூர்ல இருந்து வர்றவுங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டு பாக்கறவுங்களும் இருக்காங்க. பாத்துக்கலாம், வாங்க."

இரண்டாவது விடுதி ஒரு பழைய பங்களா. முற்றத்தில் பலாமரம் நின்றது. இருபது நிமிடம் கழித்துச் செம்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. அது மெல்ல அடங்கிக் களைப்பானது.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"என்ன மாத்திரை?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இல்ல… வேற ஏதோ நெனப்பு."

அவள் 'போட்டீங்களா' என்று கேட்டது அவருக்குச் சோற்றில் கல் கடித்ததுபோல இருந்தது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவரை நீ, வா, போ என்று கூப்பிடுகிற பிள்ளை. பொன்னுத்தாய் எத்தனையோ முறை அதட்டியும் மாறாதது. இப்போது தானாக மாறியிருந்தது.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தார்கள். செம்பா அவருடைய இலையைப் பார்த்துவிட்டு, பரிமாற வந்தவரிடம், "அப்பாவுக்கு அப்பளம் வேண்டாம். ஊறுகாயும் வைக்காதீங்க" என்றாள். சொன்ன குரல் ஒரு குடும்பத்தை நடத்துகிற பெண்ணின் குரல். தவசிக்கனி மறுபேச்சில்லாமல் மோர்ச்சோற்றை வெறுமனே சாப்பிட்டார்.

அப்போது பொன்னுத்தாயின் போன் வந்தது. "பாத்தாச்சா? பிள்ளைகிட்ட குடுங்க" என்றாள். செம்பா போனை வாங்கிக் காதில் வைத்தாள். "அழாதம்மா. நான் இருக்கேன்ல" என்றாள்.

"நான் எங்கட்டி அழுதேன்? ரூம் கெடைச்சுதான்னுதான கேக்கேன்" என்று பொன்னுத்தாய் சொன்னது எதிரே இருந்த தவசிக்கனிக்கும் கேட்டது.

கை கழுவும் இடத்தில் ருக்மணி அவரை ஒதுக்கிக் கூப்பிட்டாள். "அண்ணா, இத்தோட நிறுத்திக்கலாமுங்க. ஒண்ணு பாத்தாக் கலைஞ்சுரும். அது கலையறதுக்குள்ள அடுத்தது பாத்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும்ங்கறாங்க. என்ற மச்சாண்டார் பொண்ணு போன வருசம் மூணு பண்ணுனா. இப்ப சினிமாவுக்குக் கூப்ட்டா 'பாத்தாச்சு'ங்கறா. கோயிலுக்குக் கூப்ட்டா 'போயாச்சு'ங்கறா. மாப்பிள்ள போட்டோ காட்டுனோம். அதையும் பாத்தாச்சுங்கறாளுங்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

ருக்மணி தரையைப் பார்த்தாள். "சொல்லியிருக்கோணும்."

அவர் போய் மகளிடம், "போதும் தாயி. முதல்ல பாத்ததையே எடுத்துருவோம். பெயிண்ட் வாசனையா ஜம்முன்னு இருந்துச்சே" என்றார்.

"அது ஆகாதுப்பா."

"ஏன் ஆகாது?"

"இன்னும் ரெண்டு இருக்கு. பாத்துருவோம்."

மில்லில் முப்பது வருடம் மேஸ்திரிகளின் குரலைக் கேட்டுப் பழகியவர். அந்தத் தோரணை இருந்தால் அவர் கால் தானாக நகர்ந்துவிடும். நகர்ந்தது.

மூன்றாவது விடுதி ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே போகும்போது செம்பா ஓடவில்லை. முடிவெட்டும் கடையில் தன் முறை வந்த ஆளைப்போலப் போய்ச் சாய்ந்துகொண்டாள். தவசிக்கனி வாசல்படியில் உட்கார்ந்து மணிக்கட்டுப் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் ஒரு கடலைமிட்டாயைப் பிரித்தார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது. "இதெல்லாம் நீங்க தொடக்கூடாதுன்னு எத்தன தடவ…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மிட்டாயைத் தாளில் திரும்பச் சுற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மேற்கே மலைமேல் மேகம் திரண்டிருந்தது. அடியில் கருத்து, மேலே பஞ்சுப்பொதியாக. காலையில் என்றால் அதற்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு கதை, அந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதை என்று ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். "செம்பா, அந்தா அந்த மேகத்துக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். கேட்கும்போதே கெஞ்சுவதுபோல இருந்தது அவருக்கு.

அவள் தலையைத் தூக்கவில்லை. "மழை மேகம்பா."

"அவ்வளவுதானா? அதுக்குத்தான படிக்கப் போற?"

"ஒம்போது வருசம் படிச்சாச்சே" என்றாள். "ராத்திரியெல்லாம் முழிச்ச களைப்பு இருக்கு. பரீட்ச எழுதிக் கை கடுத்துப்போனது இருக்கு. படிச்சது என்னன்னு தேடிப் பாத்தா ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலிக்குப் பாடம் தெரியாதுல்ல. களைப்புதான் அதுக்குத் தெரியும்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். ரெட்டைச் சடை. காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொன்னுத்தாய் இழுத்துப் பின்னியது. இரண்டு சடையில் ஒன்று தூக்கியும் ஒன்று இறங்கியும் இருந்தது. அதைக்கூடச் சரிசெய்துகொள்ளாமல் உள்ளே ஒருத்தி முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வெகுநேரமாகியும் ஆட்டோவில் ருக்மணி ஹாரன் அடிக்கவில்லை.

கடைசியில் அவளே எழுந்தாள். "வாங்கப்பா. நாலாவது."

"வேண்டாம் தாயி. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்."

"நீங்க இங்கயே இருந்தாலும் நான் போவேன்."

நாலாவது விடுதி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. கீழே மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை. மேலே இரண்டு மாடி, குறுகலான படி. ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் கேட்டது. "இது சும்மா கணக்குக்குத்தானுங்ணா கூட்டிட்டு வந்தேன். ஆரும் எடுக்க மாட்டாங்க" என்றாள் ருக்மணி.

செம்பா சாய்ந்திருந்த இருபது நிமிடமும் அவர் பழைய வழக்கப்படி அறையைத் தட்டிப் பார்த்தார். சுவரில் ஓதம். ஜன்னல் கொக்கி துருவேறி இறங்க மறுத்தது. குழாயில் நூல்போலத் தண்ணீர். கட்டில் ஒரு காலில் நொண்டியது. வாளியாக இருந்தால் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

கதவு திறந்தது. செம்பாவின் முகம் நனைந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரிடம் வந்து சட்டைக் காலரைச் சரிசெய்தாள், தோளைத் தடவினாள், நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இதுதான்பா. இத எடுத்துருவோம்."

"இதையா? கொக்கி விழ மாட்டேங்கு. சுவரெல்லாம் ஓதம். இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவ?"

"இங்கதான் தூங்கினேன்."

நாலரை மணிக்கு அவளே திரையில் விலாசத்தை எழுதி அனுப்பினாள். ருக்மணி சாவியைக் கொடுத்தாள். செம்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படியிறங்கும்போது மூன்றாவது படியில் செம்பா நின்றாள். அந்தப் படியைப் பார்த்தாள். தவசிக்கனி அவள் கையைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. முதல் இடத்துல என்ன கண்ட?"

அவள் படியில் உட்கார்ந்தாள். அவரையும் உட்காரச் சொன்னாள். பழைய செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"முதல் ரூம்ல ரெண்டாவது வருசம், ஆடி மாசம். உங்களுக்கு நெஞ்சுவலின்னு அம்மா போன் பண்ணிச்சு. நான் பஸ்ஸேறி வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முழிச்சுப் பாத்தா நீங்க டீ கிளாஸோட உக்காந்திருக்கீங்க. கனாதானேன்னு விட்டுரலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், அடுத்த ரூம்ல என்ன ஆகுதுன்னு பாப்போமேன்னு தோணுச்சு. அதுல பொங்கலுக்கு முந்தின வாரம். டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாரு. நீங்க ஒழுங்காப் போடல. மூணாவதுல மில்லுலயே. நான் வந்து சேந்தப்ப…"

எதிரே ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே திரும்பியது.

"நான் ரூம் பாக்கப் போகலப்பா."

தவசிக்கனி மேலே அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "இங்க?"

"இங்க என்னைப் பாக்க வந்தீங்க. பையத் தூக்கிட்டு ஏறினீங்க. இந்தப் படியில உக்காந்துட்டீங்க. ஜெராக்ஸ் கடைக்காரரும் நானும் ரோட்டத் தாண்டித் தூக்கிட்டுப் போனோம். அஞ்சு நிமிசம்கூட ஆகல. பொழச்சுட்டீங்க. நான் பட்டம் வாங்கும்போது முன் வரிசையில இருந்து கைதட்டினீங்க. எம்பேரு வாரதுக்கு முன்னாடியே எந்திரிச்சுத் தட்டினீங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"அது மெஷினு தாயி. அதுக்கு என்ன தெரியும்?"

"தெரியாமயும் இருக்கலாம். தோளு வலிக்கா, இல்லையா?"

"அது பை சுமந்த வலி."

அவள் பையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பை காலையிலிருந்து வலது தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாதமாக இருந்தது அந்த வலி. மில்லில் படியேறும்போது வரும். நின்றால் போகும். பொன்னுத்தாயிடம்கூடச் சொன்னதில்லை. வாளிக்கு நாலு கடை ஏறியவர், தனக்கென்று ஒரு வாசலும் மிதிக்கவில்லை.

"சரி, அப்ப ஆஸ்பத்திரிய இப்பவே பாத்துட்டு, ரூமு நல்லதா எடுத்துக்கலாமே. விலாசத்த மாத்திக் கேப்போம்" என்றார் மெதுவாக.

"எத மாத்தினா எது மாறும்னு எனக்குத் தெரியலப்பா. இது ஒண்ணுதான் தெரியும். இத நான் வச்சுக்கிடுதேன்." எழுந்து கையை நீட்டினாள். "ஆனா ஆஸ்பத்திரிக்கு இப்ப போகலாம். வாங்க."

சாலையைக் கடக்கும்போது அவர் அவள் கையைப் பிடிப்பதுதான் வழக்கம். இப்போது அவள் பிடித்திருந்தாள். முழங்கைக்கு மேலே, பதறாமல், வண்டிகளை ஒரு கையால் நிறுத்திக்கொண்டு. பலமுறை போய் வந்த வழிபோல எந்தப் பலகையையும் பார்க்காமல் நடந்தாள். பதிவு செய்யும் இடம் அவள் நினைத்த பக்கத்தில் இல்லை. ஒரு கணம் தடுமாறி, பிறகு காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மெஷின் சொன்னது அந்த இடத்தில் தப்பாக இருந்ததில் தவசிக்கனிக்கு ஒரு சின்ன ஆறுதல்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். "பேஷண்ட் பேரு?"

"தவசிக்கனி."

"வயசு?"

"நாப்பத்தொம்பது" என்றாள் செம்பா.

"என்ன தொந்தரவு?"

"இடது தோள்ல வலி. படியேறினா வரும். மூணு மாசமா இருக்கு." அவர் மாதக் கணக்கை அவளிடம் சொன்னதாக நினைவில்லை.

"கூட வந்திருக்கறது யாரு?"

"மகள். செண்பகவல்லி."

"பதினெட்டு முடிஞ்சிருக்கணும், கையெழுத்துப் போட. உங்க வயசு?"

செம்பா வாயைத் திறந்தாள். கண்கள் மேலே போய், எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல அங்கேயே நின்றன. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"பதினேழும்மா" என்றார் தவசிக்கனி. "பிள்ளைக்குப் பதினேழுதான் ஆகுது."

செம்பா அவர் பக்கம் திரும்பினாள். முன்பு எப்போதோ பழகிய ஒரு பெண்ணின் பெயரை யாரோ சொல்லக் கேட்டதுபோல, லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டாள்.